படித்த படிப்புக்கும் பெயர் போடு!



தராசடியில் இரண்டு கிலோ கொழுந்தைக் கூடுதலாகக் கழித்தால் நம் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நியாயம் கேட்பார்கள். முழு நாள் உழைத்தவருக்கு அரைப்பெயர் போட்டால் தோட்டக் கமிட்டி ஆபீஸ் வாசலில் நிற்கும். ஆனால் நம் பிள்ளைகள் படித்த இரண்டு வருடப் படிப்பை அப்படியே கழித்துவிடுகிறார்கள். அதைக் கேட்க ஆளில்லை.

உயர்தரத்தில் இசட் புள்ளி போதாத பிள்ளை தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போகிறது. அம்மாவின் அடகு வைத்த தோடு பஸ் காசாகவும் போர்டிங் வாடகையாகவும் கரைகிறது. டிப்ளோமாவும் கைக்கு வருகிறது. அதோடு பட்டப்படிப்பு வாசலுக்குப் போனால், "முதலாம் வருடத்திலிருந்து தொடங்கு" என்கிறார்கள். இல்லாவிட்டால், "உயர்தரப் பெறுபேறு எங்கே?" என்கிறார்கள்.

இதற்கு வழி எழுதப்படாமல் இல்லை. 2012இல் வந்த இலங்கைத் தகைமைகள் சட்டகம் படிப்பைக் கிரெடிட் கணக்கில் அளக்கிறது. ஒரு கிரெடிட் என்றால் 50 மணி நேரக் கற்றல். ஒரு வருடத்துக்கு 30 கிரெடிட். உயர் டிப்ளோமாவுக்கு 60, மூன்று வருடப் பட்டத்துக்கு 90. தேசிய தொழில் தகைமை ஆறாம் மட்டத்தை உயர் டிப்ளோமாவின் படியிலேயே அது வைத்திருக்கிறது. கிரெடிட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்றும் சொல்கிறது. ஆனால் எத்தனையை ஏற்பது என்பதைச் சேர்த்துக்கொள்ளும் நிறுவனத்தின் கையில் விட்டுவிட்டது. தராசும் அவர்களிடம், கணக்குப் புத்தகமும் அவர்களிடம்!

தொழில் தகைமை உள்ளவர்களுக்கென்று 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்மலானையில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது உண்மைதான். நாடு முழுவதற்கும் அந்த ஒரு வாசல் போதுமா? மற்றப் பல்கலைக்கழகங்களும் நம் வரிப்பணத்தில்தானே நடக்கின்றன?

தரம் கெட்டுவிடும் என்கிறார்கள். இலவசமாகப் பட்டம் தரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கணிதம் குறைந்தால் கணிதத்தைப் படிக்கச் சொல்லுங்கள், பரீட்சை வையுங்கள். ஒரு பாடம் குறைகிறது என்பதற்காக இரண்டு வருடத்தையும் குப்பையில் போடுவது தரமல்ல, திமிர். கல்லூரியை நடத்துவதும் அரசு, பல்கலைக்கழகத்தை நடத்துவதும் அரசு. தன் சான்றிதழைத் தானே நம்பாத அரசை என்னவென்பது?

பணமுள்ள வீட்டுப் பிள்ளை தனியார் நிறுவனத்தில் டிப்ளோமா முடித்து, இன்னும் ஒரு வருடக் காசைக் கட்டி வெளிநாட்டுப் பட்டம் வாங்கிவிடுகிறது. அங்கே தரம் கெடவில்லையாம்! லயத்துப் பிள்ளை கேட்டால்தான் கெடுகிறதாம்!

தோட்டம் மாறினாலும் ஈ.பி.எப். அழிவதில்லை. நமது 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் நம் பெயரில் நிற்கின்றன. உழைப்புக்கு உள்ள நியாயம் படிப்புக்கும் வேண்டும்.

நாம் கேட்பவை மூன்று. எந்த டிப்ளோமாவுக்கு எந்தப் பட்டத்தில் எத்தனை கிரெடிட் என்ற பட்டியலை மும்மொழியிலும் வெளியிடு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு. மேன்முறையீடு செய்ய ஓர் இடம் வை. மலையகத்துக்குப் பல்கலைக்கழகம் வேண்டும் என்ற கோரிக்கை அப்படியே நிற்கிறது. அதைக் கட்டக் கல்லும் காலமும் வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு தீர்மானம் மட்டுமே.

பெற்றோரே, பிள்ளையின் பாடப் பெறுபேற்றுப் பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள். வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள், எழுதி வாங்குங்கள். அந்தக் கடிதத்தோடு சங்க மாவட்டக் காரியாலயத்துக்கு வாருங்கள். அரைப்பெயரை எதிர்த்த சங்கம் இதையும் விடாது!