ஒலிநாடாவும் ஒலியட்டையும் – சில எண்ணங்கள்

தமிழ்த் துறைகளின் இரும்பு அலமாரிகளில் கேட்பாரற்றுக் கிடக்கும் ஒலிநாடாக்களைப் பற்றி நாம் அவ்வப்போது கவலைப்பட்டுக்கொள்கிறோம். 1980களிலும் 90களிலும் ஆய்வு மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று பதிந்துவந்த ஒப்பாரிகள், தாலாட்டுகள், வில்லுப்பாட்டுகள் அவை. பாடியவர்களுள் பலர் இன்றில்லை. பாட்டின் வரிகள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சாகியிருக்கலாம். இழுவையும் விம்மலும் மூச்சு வாங்கும் இடமும் நாடாவில் மட்டுமே இருக்கின்றன. கவலையோடு நின்றுவிடாமல் அவற்றைக் கணினிக்கு மாற்ற முனையும் நண்பர்கள் முதலில் இடறி விழும் இடம் ஒலியட்டை. கடையில் 'சவுண்ட் கார்டு' என்று கேட்டால்தான் கிடைக்கும். தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். பாட்டியின் குரல் பாட்டியின் குரலாகவே வந்து சேர வேண்டுமென்றால் வேலை இருக்கத்தான் செய்கிறது.

மடிக்கணினியிலேயே ஒலிவாங்கிக்கான துளை இருக்கிறதே, தனியாக ஒன்று எதற்கு? இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஒரே துளை. அது காதணி ஒலிபெருக்கிக்கும் அதனோடு வரும் சிறு மைக்குக்கும் உரியது. அதன் உள்வாங்கும் வழி ஒற்றைத் தடம். அதுவும் மைக்கின் மிக மெல்லிய மின்னழுத்தத்தை எதிர்பார்த்து அமைக்கப்பட்டது. டேப் டெக்கின் 'லைன்' வெளியீடு அதைவிடப் பன்மடங்கு வலியது. இரண்டையும் நேராக இணைத்தால் ஒலியலையின் முகடுகள் வெட்டுண்டு, உச்சத்தில் எழும் குரல் கரகரவென்று உடையும். அவ்வாறு வெட்டுண்டதைப் பின்னர் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது. கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கும் சிறு யு.எஸ்.பி. குச்சிகளும் பெரும்பாலும் இதே மைக் துளையைத்தான் வேறு வடிவில் தருகின்றன. ஆகவே வாங்குமுன் பார்க்க வேண்டியது 'லைன் இன்' உண்டா என்பது. சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஆர்.சி.ஏ. துளைகள் உள்வழியாக இருந்தால் அது டேப் டெக்குக்கு ஏற்றது.

அடுத்த சிக்கல் கணினிகளின் பன்மை. அறுபது நிமிட நாடாவை மாற்ற அறுபது நிமிடம் ஆகும். குறுக்கு வழி இல்லை. நூறு நாடா என்றால் நூறு மணி நேரம். அத்தனை நேரத்துக்கு ஒரே கணினியை யார் ஒதுக்கித் தருவார்கள்? துறையில் விண்டோஸ் 7 ஓடும் பழைய மேசைக்கணினி இருக்கும். அது அலுவலக வேலைக்குப் போக மிஞ்சிய நேரத்தில் கிடைக்கும். மாணவர் ஒருவர் லினக்ஸ் நிறுவிய மடிக்கணினியைக் கொண்டுவருவார். விடுமுறையில் உதவ வரும் நண்பரிடம் மேக் இருக்கும். ஒலியட்டை இவை அனைத்திலும் செருகியவுடன் பேச வேண்டும்.

இதை நம் தலைமுறைக்கு விளக்குவது எளிது. பாமினியில் தட்டச்சு செய்த கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, ஆங்கில எழுத்துகளின் குப்பையைக் கண்டு விழித்தவர்கள்தாமே நாம்? பத்திரிகைக்கு ஓர் எழுத்துரு, பதிப்பகத்துக்கு ஓர் எழுத்துரு என்றிருந்த காலம் அது. யூனிகோடு வந்த பின்னரே எங்கு எழுதியதையும் எங்கும் படிக்க முடிந்தது. ஒலியட்டைகளிலும் இவ்விரு சாதிகள் உண்டு. ஒரு வகை, தயாரிப்பாளர் தரும் தனி இயக்கி மென்பொருளான 'டிரைவர்' நிறுவினால் மட்டுமே வாய் திறக்கும். மற்றொன்று 'யு.எஸ்.பி. ஆடியோ கிளாஸ்' என்னும் பொது நெறியைப் பின்பற்றுவது. இயங்குதளத்திலேயே அதற்கான இயக்கி இருப்பதால் தனியாக எதுவும் வேண்டாம். என் கருத்தில், நம் பணிக்கு இரண்டாவதைத் தவிர வேறெதையும் வாங்கலாகாது. தயாரிப்பாளர் கடையை மூடினாலோ, புதிய இயங்குதளத்துக்கு டிரைவர் எழுத மனமில்லாமல் போனாலோ, முதல்வகைக் கருவி பழுதின்றியே செத்துப்போகும். விண்டோஸ் விஸ்டா வந்தபோது ஒலி இயக்கிகளின் அமைப்பே மாறியதால் எத்தனையோ நல்ல அட்டைகள் இப்படித்தான் அனாதையாயின.

இந்தப் பொது நெறியிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 1998இல் முதற்பதிப்பும் 2006இல் இரண்டாம் பதிப்பும் வந்தன. லினக்ஸும் மேக்கும் இரண்டாம் பதிப்பை 2010 வாக்கிலேயே ஏற்றுக்கொண்டன. விண்டோஸோ 2017இல்தான், விண்டோஸ் 10இன் ஒரு மேம்பாட்டில், அதற்கான இயக்கியைத் தானே கொண்டுவந்தது. ஆகவே துறையின் பழைய விண்டோஸ் 7இல் தனி டிரைவரின்றி வேலை நடக்க வேண்டுமென்றால் முதற்பதிப்பைப் பின்பற்றும் கருவியே வேண்டும். பழையது என்று முகம் சுளிக்க வேண்டாம்; இரு தட ஒலி 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரை அதிலேயே இடர்ப்பாடின்றிச் செல்லும்.

அட்டைப் பெட்டியில் 192 என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைக் கண்டு மயங்கும் கொள்முதல் குழுக்களைப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒருசேர வருகின்றன. கையடக்கப் பதிவுக்கருவியில் பதிந்த நாடாவில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது பெரும்பாலும் இரைச்சல்தான். ஒலி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமான ஐ.ஏ.எஸ்.ஏ. குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று பரிந்துரைக்கிறது. அந்த அளவில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ ஒரு ஜி.பி. இடம் கொள்ளும். அதுவே போதும். 24 பிட்டின் உண்மையான பயன், அளவைச் சற்றுத் தாழ்வாக வைத்துப் பதிந்தாலும் நுணுக்கம் கெடாது என்பது. வில்லுப்பாட்டில் உடுக்கை எப்போது ஓங்கும் என்று யாருக்குத் தெரியும்?

பெஹ்ரிங்கர் நிறுவனத்தின் யு.சி.ஏ. 202, 222 ஆகிய சிறு பெட்டிகள் நான் சொன்னவற்றுக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆர்.சி.ஏ. உள்வழி உண்டு, பொது நெறிக்கு உட்பட்டவை. ஆனால் 16 பிட் மட்டுமே. காப்பகத் தரத்துக்கு ஒரு படி குறைவு என்றாலும், நாடாவின் சொந்த இரைச்சல் அதைவிட உயர்வாகவே இருப்பதால், கையில் பணமில்லாத துறை 24 பிட்டுக்காகக் காத்திருந்து நாடாக்களைப் பூஞ்சைக்குக் கொடுப்பதைவிட இதில் இன்றே தொடங்குவது நல்லது என்பேன். சில விண்டோஸ் கணினிகள் இதன் உள்வழியை மைக் என்று கருதி ஒற்றைத் தடமாக வைத்துவிடும். அமைப்பில் இரண்டு தடமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

யாரேனும் ஃபயர்வயர் அட்டையைப் பாதி விலைக்குத் தந்தால் வாங்காதீர்கள். அதற்கான துளை புதிய கணினிகளில் இல்லை. 2025இல் வந்த மேக் இயங்குதளமான டாஹோ அதன் ஆதரவையே நீக்கிவிட்டது. தண்டர்போல்ட் கருவிகளிலும் கவனம் தேவை. செருகியின் வடிவம் யு.எஸ்.பி.-சி போலவே இருக்கும், சாதாரண யு.எஸ்.பி. துளையில் அவை வேலை செய்யாமல் போகலாம். கடையில் சோதிக்க எளிய வழி, லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவைக் கையோடு கொண்டுபோவதுதான். எதையும் நிறுவாமல் கணினியை அதிலிருந்து இயக்கி, அட்டையைச் செருகி, ஆடாசிட்டியில் ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். அங்கே பேசினால் பொது நெறி அறிந்த கருவி என்று பெரும்பாலும் நம்பலாம். பழைய விண்டோஸிலும் ஒருமுறை செருகிப் பார்த்துவிட்டால் ஐயம் தீரும்.

பதியும்போது பின்னணியில் 'ம்ம்ம்' என்ற உறுமல் கேட்டால் உடனே அட்டையைக் குறை சொல்லாதீர்கள். மடிக்கணினியின் மின்னேற்றியைக் கழற்றி, மின்கலத்திலேயே ஓடவிட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.