வீடியோ பார்த்தால் வேலை தெரிந்துவிடுமா?

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழைய பழமொழி. இன்றைய கம்பெனிகள் அந்தச் சுரைக்காயை ஏட்டிலிருந்து எடுத்துக் கணினித் திரையில் போட்டுவிட்டு, "கறி தயார், சாப்பிட வாருங்கள்" என்கின்றன!

புதிதாக வேலைக்குச் சேரும் ஒருவருக்கு முதல் நாள் என்ன கிடைக்கிறது? ஓர் அடையாள அட்டை, ஒரு லாகின், ஒரு பாஸ்வேர்டு, கூடவே முடித்தே தீரவேண்டிய ஆன்லைன் பாடங்களின் பட்டியல். ஒரு பக்கம் வீடியோ ஓடுகிறது. இன்னொரு பக்கம் அவர் வேறு வேலை பார்க்கிறார். கடைசியில் பத்துக் கேள்விகள். தப்பாகப் போனால் மறுபடி முயலலாம். பச்சை நிற டிக் விழுகிறது, சான்றிதழ் மின்னஞ்சலில் வந்து சேர்கிறது, மனிதவளத் துறையின் அறிக்கையில் "பயிற்சி 100 சதவீதம் முடிந்தது" என்று ஏறிவிடுகிறது. ஆனால் அதே வேலையைப் பதினைந்து வருடமாகச் செய்துவரும் பக்கத்து மேசை சீனியரிடம் ஐந்து நிமிடம் பேச அவருக்கு வழியில்லை. சீனியருக்கு நேரம் இல்லை. அவருக்கு நேரம் ஒதுக்கித் தர மேலே இருப்பவர்களுக்கு மனம் இல்லை.

இதற்குப் பெயர் அறிவுப் பகிர்வாம்!

இணையவழிக் கல்வியே வேண்டாம் என்பதல்ல வாதம். 2003-ல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்.சி.யும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம் செய்திருப்பது பெரிய காரியம். ஐ.ஐ.டி. வாசலையே மிதித்திராத மாணவர்கூட அங்குள்ள பேராசிரியரின் பாடத்தைக் காசில்லாமல் கேட்கலாம். இதைக் குறை சொல்பவர் நன்றி கெட்டவர். சண்டை வேறு இடத்தில் இருக்கிறது. பாடம் கேட்பதும் வேலை கற்றுக்கொள்வதும் ஒன்றுதான், ஆகவே சொல்லித்தர ஆள் தேவையில்லை என்று ஒரு கணக்குப் போடுகிறார்களே, அந்தக் கணக்கோடுதான் சண்டை.

அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2011-ல் செபாஸ்டியன் த்ரூன், பீட்டர் நார்விக் ஆகிய இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். சுமார் 1,60,000 பேர் பதிவு செய்தார்கள். உலகமே வாயைப் பிளந்தது. அடுத்த வருடமே கோர்செரா, எட்எக்ஸ், யுடாசிட்டி என்று வரிசையாகக் கடை திறந்தார்கள். இனிமேல் கல்லூரிக் கட்டடங்களே தேவைப்படாது என்றுகூடச் சிலர் பேசினார்கள்.

பிறகு நடந்தது என்ன? ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் எட்எக்ஸில் 2012 முதல் 2018 வரை நடத்திய பாடங்களின் விவரங்களை ஜஸ்டின் ரைக், ஹோசே ருயிபெரெஸ்-வாலியெண்டே என்ற இரு ஆய்வாளர்கள் அலசி, 2019-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்தின் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. 2017-18-ல் பாடத்தை முடித்தவர்கள் 3.13 சதவீதம். காசு கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களிலேயே பாதிப்பேர் தேறவில்லை, 46 சதவீதம்தான். நூறு பேர் நுழைந்து மூன்று பேர் தேறும் ஒரு கல்லூரி இருந்தால் அதைப் புரட்சி என்பார்களா, பூட்டுப் போடச் சொல்வார்களா?

மாணவர்களிடம் எடுபடாத சரக்கு அடுத்து எங்கே போனது தெரியுமா? கம்பெனிகளுக்கு. யுடாசிட்டி 2013 முதலே வேலைக்கான பயிற்சிப் பக்கம் திரும்பிவிட்டது. 2024-ல் அக்சென்ச்சர் அதை வாங்கியது. 2015-லேயே லிங்க்டுஇன் நிறுவனம் லிண்டா.காம் என்ற வீடியோ பாட நிறுவனத்தை 150 கோடி டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. தானாக விரும்பி வந்தவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் முடித்தார்கள். கம்பெனியிலோ முடிக்காவிட்டால் மேனேஜரிடமிருந்து நினைவூட்டல் வரும். ஆகவே எல்லோரும் முடிக்கிறார்கள். கற்றார்களா என்பது வேறு விஷயம்!

சரி, வேலை தெரிந்தவர்கள் அதை எப்படித்தான் தெரிந்துகொண்டார்கள்? இதற்கு ஜெராக்ஸ் கம்பெனியின் கதையைவிட நல்ல பதில் கிடையாது. தமிழ்நாட்டில் ஜெராக்ஸ் என்றால் நகல் எடுப்பது என்றே ஆகிவிட்டது. அந்தப் பெயருக்குச் சொந்தக்கார அமெரிக்கக் கம்பெனியைப் பற்றித்தான் இங்கே பேச்சு.

அங்கே ஜூலியன் ஆர் என்ற மானிடவியல் ஆய்வாளர், இயந்திரம் பழுது பார்க்கும் டெக்னீஷியன்களோடு 1980-களில் கூடவே சுற்றினார். கம்பெனி அவர்களுக்குத் தடிமனான கையேடு கொடுத்திருந்தது. இந்தப் பிழை எண் வந்தால் இதைப் பார், அது சரியாக இருந்தால் அடுத்ததைப் பார் என்று படிப்படியாக எல்லாம் அதில் இருந்தது. ஆனால் இயந்திரங்கள் கையேட்டைப் படித்துவிட்டா பழுதாகின்றன? ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது, ஓர் இடம், அதைக் கையாளும் மனிதர்களின் ஒரு பழக்கம். கையேடு கைவிட்ட இடத்தில் டெக்னீஷியன்கள் என்ன செய்தார்கள்? பேசினார்கள். காலைச் சாப்பாட்டிலும் காபி குடிக்கும்போதும் கூடி உட்கார்ந்து, "அந்த ஆபீஸ் மெஷின் என்ன பாடு படுத்தியது தெரியுமா" என்று கதை சொன்னார்கள். ஒருமுறை, காட்டிய பிழை எண்ணுக்கும் உண்மையான கோளாறுக்கும் சம்பந்தமே இல்லாத ஓர் இயந்திரத்தின் முன்னால், டெக்னீஷியனும் அவருக்கு உதவ வந்த நிபுணரும் மணிக்கணக்கில் பழைய அனுபவங்களை மாற்றி மாற்றிச் சொல்லியே கோளாறைக் கண்டுபிடித்தார்கள். இவற்றையெல்லாம் ஆர் 1996-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். கடிகாரத்தை மட்டும் பார்க்கும் மேனேஜருக்கு அந்தக் காபி மேசை வெட்டிப் பேச்சு. ஆனால் கம்பெனியின் உண்மையான பயிற்சிக்கூடம் அதுதான்.

இந்தக் கதையின் அடுத்த பாதிதான் முக்கியம். இதைக் கண்ட ஜெராக்ஸ் ஆய்வுக்கூடம், 1990-களில் 'யுரேகா' என்ற கணினி ஏற்பாட்டை முதலில் பிரான்சில் கொண்டுவந்தது. டெக்னீஷியன் தான் கண்டுபிடித்த தீர்வை எழுதி அனுப்புவார். மேலதிகாரி அல்ல, சக டெக்னீஷியன்களே அதைச் சோதிப்பார்கள். சரி என்று தேறினால் எழுதியவரின் பெயரோடு எல்லோருக்கும் போகும். குறிப்புக்கு இவ்வளவு என்று பரிசுப் பணம் தரலாமா என்ற பேச்சும் எழுந்தது. பணம் வந்தால் எண்ணிக்கைக்காகக் குப்பை சேரும், பெயர் இருந்தால் போதும் என்பதே டெக்னீஷியன்களின் எண்ணமாக இருந்தது. ஏற்பாடு ஓடியது, அமெரிக்காவுக்கும் பரவியது.

கவனியுங்கள், இதுவும் கணினிதான், இதுவும் ஆன்லைன்தான். பிறகு ஏன் இது வெற்றி பெற்றது? சொல்பவருக்கு இதில் மரியாதை இருந்தது. அவருடைய நேரமும் பெயரும் மதிக்கப்பட்டன. இன்றைய வீடியோ பாடங்களில் கற்பவரை எண்ணுகிறார்கள், அவர் பார்த்த நிமிடங்களை எண்ணுகிறார்கள், அவர் வாங்கிய மதிப்பெண்ணை எண்ணுகிறார்கள். சொல்லித்தரக்கூடிய மனிதர் கணக்கிலேயே இல்லை!

ஏன் இல்லை என்பதற்கு வணிகவியல் மாணவர்கள் வெகுதூரம் போக வேண்டாம், பாடப்புத்தகத்திலேயே பதில் இருக்கிறது. இண்ட் ஏ.எஸ். 38 என்ற கணக்கியல் தரநிலை என்ன சொல்கிறது? ஊழியரின் திறமை பொதுவாகக் கம்பெனியின் சொத்தாக ஏறாது. அதன்மேல் கம்பெனிக்குப் போதிய கட்டுப்பாடு இல்லை, அவர் நாளைக்கே ராஜினாமா செய்துவிட்டுப் போகலாம். பயிற்சிக்குச் செலவழித்தால் அதுவும் அந்த வருடச் செலவு, அவ்வளவுதான். ஆனால் விலைக்கு வாங்கிய மென்பொருள் உரிமம் சொத்தாக ஏறலாம். தரநிலையைக் குறை சொல்லிப் பயனில்லை, அது தன் வேலையைச் செய்கிறது. ஏட்டில் ஏறாதது உலகத்திலேயே இல்லை என்று நினைக்கும் நிர்வாகம்தான் குற்றவாளி. ஆன்லைன் பாடத்துக்கு பில் இருக்கிறது, அறிக்கை இருக்கிறது, வண்ண வண்ண வரைபடம் இருக்கிறது. சீனியர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததற்கு என்ன பில்? கணக்கில் அது அவர் வேலை செய்யாத ஒரு மணி நேரமாகத்தான் தெரியும்.

வணிகவியல் படிப்பவர்களின் வீட்டு வாசலுக்கே இது வந்துவிட்டது. சி.ஏ. படிப்பின் உயிர் ஆர்ட்டிகிள்ஷிப். மூன்று வருடமாக இருந்த அந்த நடைமுறைப் பயிற்சி, 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் இரண்டு வருடம் ஆனது. அதே திட்டத்தில் அவரவர் வேகத்தில் படித்து முடிக்கும் ஆன்லைன் பாடத்தொகுதிகள் கட்டாயமாயின. அவற்றைத் தேறாமல் ஃபைனல் எழுத முடியாது. ஆடிட்டர் ஆபீஸில் மூன்று வருடம் பேங்குக்குப் போய் வந்ததும் ஜெராக்ஸ் எடுத்ததும்தான் மிச்சம் என்று புலம்பியவர்கள் உண்டு. அந்தப் புலம்பலில் நியாயமும் உண்டு. ஆனால் சமையல் சரியில்லை என்றால் சமையலைத் திருத்த வேண்டும். இலையைச் சின்னதாக வெட்டிவிட்டு, பக்கத்தில் சமையல் புத்தகத்தை வைப்பது என்ன தீர்வு? ஒரு கட்டு வவுச்சரைப் புரட்டும்போதே எது உறுத்துகிறது என்று கண்டுகொள்வது, குடோனில் முன்வரிசைப் பெட்டியை விட்டுவிட்டுப் பின்வரிசைப் பெட்டியைத் திறக்கச் சொல்வது, கிளையண்டின் கணக்காளர் முகம் சுளிக்காமல் அவரிடமிருந்து பதில் வாங்குவது... இவை எந்தப் பாடத்தொகுதியில் வருகின்றன? அனுபவசாலி ஒருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் வருகின்றன.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி சீனியரே வேண்டாம் என்கிறார்கள். எரிக் பிரிஞ்சால்ஃப்சன், டேனியல் லீ, லிண்ட்சி ரேமண்ட் ஆகிய மூவர் செய்து 2023-ல் முதலில் வெளியான ஆய்வு இங்கே உதவும். வாடிக்கையாளர் சேவையில் இருந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை அது ஆராய்ந்தது. பதில்களை எடுத்துக்கொடுக்கும் மென்பொருள் வந்தபின், ஒரு மணி நேரத்தில் தீர்த்த புகார்கள் சராசரியாகச் சுமார் 15 சதவீதம் கூடின. புதியவர்களுக்கு 30 சதவீதம் அளவுக்குக் கூடின. கைதேர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. ஏன்? அந்த மென்பொருள் கற்றுக்கொண்டதே கைதேர்ந்தவர்களின் பழைய உரையாடல்களிலிருந்துதான்! அவர்களிடமிருந்து எடுத்துப் புதியவர்களுக்குக் கொடுக்கிறது.

புதியவருக்கு இது லாபம், மறுக்க முடியாது. ஆனால் யுரேகாவில் குறிப்பின் கீழே எழுதியவரின் பெயர் இருந்தது. இங்கே பெயரும் இல்லை, கேள்வியும் இல்லை, கூலியும் இல்லை. கொடுத்தோம் என்பதுகூடக் கொடுத்தவருக்குத் தெரியாவிட்டால் அதற்குப் பெயர் பகிர்வா? போகட்டும், லாபக் கணக்காகவே பார்த்தாலும் இது நஷ்டம். நாளைக்கு ஒரு புதுப் பிரச்சினை வரும். அதற்கு விடை கண்டுபிடிக்கும் சீனியர், "எனக்கென்ன வந்தது" என்று வாயை மூடிக்கொண்டால் மென்பொருள் எதைப் படித்துக் கற்கும்?

"ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் இடத்தில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஓர் ஆளை உட்கார வைக்க முடியுமா?" என்று மேனேஜர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலும் நியாயமாகவே இருக்கிறது. வரி விகிதம் என்ன, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும், தீ பிடித்தால் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதையெல்லாம் வீடியோவில் போடுங்கள். ஒரே விஷயத்தை இருபது முறை சொல்லும் வேலை சீனியருக்கு மிச்சமாகும். அப்படி மிச்சமான நேரத்தைப் புதியவரோடு உட்கார அவருக்குத் திருப்பிக் கொடுங்கள். இப்போது நடப்பதோ, வீடியோவால் மிச்சமான நேரத்தைக் கம்பெனி தன் பையில் போட்டுக்கொண்டு, கூடுதல் வேலையைச் சீனியர் தலையில் கட்டுகிறது.

சொல்லிக்கொடுக்கும் நேரத்தை வேலை நேரமாகவே கணக்கில் எழுத வேண்டும். பதவி உயர்வுக்கு அதையும் பார்க்க வேண்டும். ஒருவர் எழுதிவைத்த குறிப்பை மனிதர் படித்தாலும் மென்பொருள் படித்தாலும் அவர் பெயர் அதோடு போக வேண்டும். எத்தனை பேர் முடித்தார்கள் என்று எண்ணுவதை விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்துப் புதியவர் தனியாக என்ன செய்கிறார் என்று பார்க்க வேண்டும். இதில் எதற்கும் பெரிய பட்ஜெட் தேவையில்லை. மனம்தான் தேவை.

இறுதியாண்டு படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கேம்பஸ் இண்டர்வியூ முடியும் தறுவாயில் "உங்களுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். ஆன்லைனில் எத்தனை கோர்ஸ் தருவீர்கள் என்று கேட்காதீர்கள். முதல் ஆறு மாதம் யார் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்கப் போகிறேன், அவருக்கு அதற்கென்று நேரம் ஒதுக்கியிருக்கிறீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அந்தக் கம்பெனியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேறு எதுவும் தேவையில்லை.