நாலு வார்த்தையும் நாற்பது நிமிடங்களும்

“இவனுக்கு நாலு வார்த்தை நல்ல புத்தி சொல்லி அனுப்புங்கள்.” மகனையோ மகளையோ அழைத்துக்கொண்டு என் அறைக்குள் நுழையும் பெற்றோருள் பெரும்பாலோர் முதலில் கூறுவது இதைத்தான். அவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. கலங்கிய பெற்றோர் வேறெதைக் கேட்பர்? ஆனால், அவ்வேண்டுகோளை அப்படியே ஏற்று, நாலு வார்த்தைக்கு நானூறு வார்த்தை பேசி அனுப்பிவிட்டு, அதற்கு ‘ஆற்றுப்படுத்துதல்’ என்று பெயர் சூட்டிக்கொள்ளும் என் போன்றோர் மீதுதான் என் வழக்கு. அறிவுரை கூறுதல் வேறு, ஆற்றுப்படுத்துதல் வேறு. பல வேளைகளில் முன்னது பின்னதற்குப் பகை.

இவ்வழக்கில் முதல் குற்றவாளி நானே. பணியின் தொடக்க ஆண்டுகளில், கல்லூரிக்குச் செல்ல மறுத்த இளைஞன் ஒருவனை அவன் தந்தை அழைத்து வந்தார். நாற்பது நிமிடங்கள் பேசினேன். கல்வியின் அருமை, தந்தை பட்ட கடன், விடாமுயற்சியால் உயர்ந்தோர் வரலாறு என ஒன்றையும் விடவில்லை. அவன் தலையசைத்தான். தந்தை நெகிழ்ந்துபோனார். எனக்கும் பெருநிறைவு. மூன்றாம் வாரம் அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றான். மருத்துவர்களின் முயற்சியால் பிழைத்தான். படுக்கையருகே நான் சென்று நின்றபோது அவன் சொன்னது இவ்வளவே: “அன்னைக்கு நீங்க என்னைப் பேசவே விடலையே, சார்.”

பின்னர் அவன் பேசினான், நான் கேட்டேன். அவன் இசைவு பெற்றே இதனை எழுதுகிறேன். எனினும், அவன் கூறியது அவனுக்கே உரியது. அதனை இங்கு எழுதமாட்டேன். நான் வாரி வழங்கிய அறிவுரைகளுள் ஒன்றுகூட அவன் துயரத்தின் அருகே செல்லவில்லை என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்க உளவியலறிஞர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) இத்தகைய பாடத்தை என்னிலும் பல்லாண்டுகளுக்கு முன்பே கற்றார். ராச்செஸ்டர் நகரில் சிறுவர் நல நிலையமொன்றில் பணியாற்றிய நாள்களில், முரட்டுச் சிறுவன் ஒருவனின் தாயைப் பலமுறை சந்தித்தார். மகனை அவர் உள்ளத்தால் ஒதுக்கியதே சிக்கலின் வேர் எனக் கண்டு, அதனை அவருக்கு உணர்த்த அரும்பாடுபட்டார். பயனில்லை. இருவரும் தோல்வியை ஏற்று விடைபெற்றனர். வாசல்வரை சென்ற அப்பெண் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் மீண்டும் அமர்ந்து, தம் மணவாழ்வின் துயரங்களைக் கொட்டினார். அறிஞர் அதுவரை எழுதி வைத்திருந்த குறிப்புகளுக்கும் அக்கதைக்கும் தொடர்பே இல்லை. உண்மையான உதவி அன்றுதான் தொடங்கியது. எங்கே வலிக்கிறது, எத்திசையில் செல்லவேண்டும் என்பதை வலிப்பவரே அறிவார் என்ற தெளிவும் அவருக்குப் பிறந்தது. நாடிவருவோரை மையமாகக் கொண்ட சிகிச்சையைப் பற்றி 1951-இல் அவர் வெளியிட்ட நூலுக்குப் பின்னால் இத்தகைய தோல்விகள் உள்ளன.

மாற்றம் நிகழத் தேவையானவற்றை 1957-இல் ஒரு கட்டுரையில் அவர் வகுத்தார். அவற்றுள் மூன்று ஆற்றுப்படுத்துநரின் மனப்பாங்கைச் சார்ந்தவை: எதிரே இருப்பவரின் உலகை அவர் கண்கொண்டு காணும் ஒத்துணர்வு, நிபந்தனையற்ற ஏற்பு, உள்ளும் புறமும் ஒன்றாயிருக்கும் உண்மை. இவற்றுள் எதுவும் மூன்று நாள் பயிற்சியில் சான்றிதழோடு கிடைப்பதன்று. பிறர் சொல்லின் கடைசிப் பகுதியைக் கிளிப்பிள்ளைபோல் திருப்பிச் சொல்வதும் ஒத்துணர்வன்று. அவ்வாறு தம் முறை கேலிச்சித்திரமாக்கப்பட்டதைக் கண்டு ரோஜர்ஸே வருந்தினார்.

மறுப்புகள் எழும், அறிவேன். “நம் மக்கள் பெரியவர் சொல் கேட்டுப் பழகியவர்கள்; இது மேலைநாட்டுச் சரக்கு” என்பர் சிலர். நம் ஊரில் அறிவுரைக்கா பஞ்சம்? தாயும் தந்தையும், மாமனும் அத்தையும், ஆசிரியரும் அடுத்த வீட்டாரும் சொல்லி ஓய்ந்த பிறகன்றோ ஒருவர் நம் வாயிலுக்கு வருகிறார்? பத்துப் பேர் கொடுத்துப் பலிக்காத மருந்தைப் பதினோராவதாக நாமும் கொடுப்பதற்கு ஒரு தனி அறை எதற்கு?

“ஏற்றுக்கொள்வது தவற்றுக்குத் துணைபோவதாகாதா?” என்பர் வேறு சிலர். குடிக்கும் மனிதரை ஏற்பது குடியை ஏற்பதன்று. தான் வெறுக்கப்படவில்லை என்று உறுதியாக அறிந்த பிறகே, மனிதன் தன் தவற்றைத் தானே கூர்ந்து நோக்கத் துணிகிறான். கண்டனத்தின் முன் அவன் செய்வது தற்காப்பு ஒன்றே.

“கேட்டுக்கொண்டேயிருந்தால் எல்லாம் தீருமா?” தீராது. கடுமையான மனச்சிதைவுக்கு உள்ளானோரிடம் விஸ்கான்சினில் ரோஜர்ஸ் குழுவினர் மேற்கொண்ட முயற்சி, எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. மனநல மருத்துவரும் மருந்தும் தேவைப்படும் இடத்தில் உடனே அனுப்பவேண்டும். உயிருக்கு ஆபத்து என ஐயம் எழுந்தால், சாகும் எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்கவேண்டும். உரியவர்க்குத் தெரிவித்துக் காக்கவும் வேண்டும். சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று கேட்பவரிடம் மௌனம் காப்பது கொடுமை. ஆனால், இவற்றையெல்லாம் அறிவதற்கும் முதலில் கேட்டாகவேண்டும். பேசியே நாற்பது நிமிடங்களைத் தீர்த்த நான், அவ்விளைஞனிடம் எந்த ஆபத்தைக் கண்டேன்?

“ஆற்றுப்படுத்துதல் என்றாலே வழிகாட்டுதல்தானே?” எனத் தமிழறிந்தோர் மடக்கலாம். பத்துப்பாட்டின் ஆற்றுப்படைகளை எண்ணிப் பாருங்கள். அங்கே வழி சொல்பவன் உயர்ந்த இருக்கையில் அமர்ந்தவனல்லன். நேற்றுவரை தானும் வறியவனாய் அதே வழியில் அலைந்தவன். எதிர்ப்பட்டவனின் வறுமையும் நடைவருத்தமும் அறிந்து பேசுகிறான். நடக்கவேண்டிய வழியை அவனுக்காகத் தான் நடந்துவிடுவதுமில்லை. அச்சொல்லுக்கு நாம் தகுதியுடையோர் ஆனோமா?

இப்பொழுதெல்லாம் “புத்தி சொல்லுங்கள்” என்போரிடம், “சற்று வெளியே அமருங்கள்” என்கிறேன். கதவு சாத்தப்படுகிறது. பிள்ளை அறிவுரைக்குத் தலைகுனிந்து காத்திருக்கிறது. நான் பேசுவதில்லை. அந்த அமைதியைத் தாங்குவது எளிதன்று, நாவு துடிக்கும். சில நிமிடங்கள் சென்றபின், குனிந்த தலை மெல்ல நிமிரும். என் பணி அப்பொழுதுதான் தொடங்குகிறது.