ஆட்டுக்கல்லும் அடகும்

நம் தாய்மொழி அடுக்களைக்குள் நுழையும்போது மிகுந்த கண்டிப்புக்காரியாகி விடுகிறாள். அம்மியில் அரைக்க வேண்டும். உரலில் இடிக்க வேண்டும். திரிகையில் திரிக்க வேண்டும். ஆட்டுக்கல்லில் ஆட்ட வேண்டும். நான்கும் கற்களே. ஆயினும் ஒன்றன் வினையை மற்றொன்றுக்குச் சொன்னால் நம் வீட்டுப் பாட்டிமார் சிரித்து விடுவர். ஆட்டுக்கல்லின் குழியில் சுழலும் கல்லுக்குக் குழவி என்று பெயர். கைக்குழந்தைக்கும் பழந்தமிழில் அதுவே பெயர். மடியில் ஒன்றும் கையில் ஒன்றுமாக விடியுமுன் எழுந்து உழைத்த தாய்மாருக்கு இரண்டும் ஒரே சொல்லாய் அமைந்தது பொருத்தமே.

கொங்கு நாட்டார் ஆட்டாங்கல் என்று அழைக்கும் அந்தக் கல்லுக்கு மின்விசையைப் பூட்டிய பெருமை நம் கோவையைச் சேர்ந்தது. 1930-களில் பைக்காரா நீர்மின்சாரம் மலையிறங்கி வந்தது, ஆலைகள் பெருகின, 1937-இல் இந்நகரிலேயே மின்மோட்டார் செய்யப்பட்டது. இரும்பும் மோட்டாரும் அறிந்த ஊரில், 1955-ஆம் ஆண்டு சபாபதி என்பவர் மாவாட்டும் இயந்திரத்தை உருவாக்கினார். கையால் ஆட்டும்போது உரல் நிற்கும், குழவி சுழலும். இயந்திரத்திலோ உரல் சுழலும், குழவி நிற்கும். ஊத்துக்குளி வட்டாரத்துக் கருங்கல்லோடு சேர்ந்து பெயர் பெற்ற ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’, 2005-06-இல் புவிசார் குறியீடும் பெற்றது. கருவியின் பெயர் ஆங்கிலமாகி விட்டது. வினை மட்டும் மாறவில்லை. இன்றும் “கிரைண்டர்ல மாவு ஆட்டிட்டீங்களா?” என்றுதான் நம் பெண்மணிகள் கேட்டுக்கொள்கின்றனர். இயந்திரத்தை எங்கிருந்து வாங்கினாலும் உழைப்பைத் தாய்மொழியில்தான் சொல்கிறோம்.

இக்கருவி அரசியலிலும் இடம்பெற்றது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கும் திட்டத்தை அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். இத்தகைய வாக்குறுதிகள் முறையா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அவை சட்டப்படி ஊழல் செயலாகா என்று 2013 ஜூலையில் தீர்ப்பளித்த நீதிமன்றம், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. தேநீர்க் கடைகளில் அன்று நடந்த விவாதங்களை நானும் கேட்டிருக்கிறேன். இலவசம் மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்றனர் சிலர். பெண்களின் தோள்வலியை அறியாதவர் பேச்சு இது என்றனர் வேறு சிலர். கிரைண்டரைக் கொடுப்பது சரியா தவறா என்று இவ்வளவு பேசினோம். ஒரு வீட்டிலிருந்து அதை எடுத்துச் செல்வது பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை. அப்படி ஒரு நிகழ்ச்சியைக் கண்ட பிறகே நானும் எண்ணிப் பார்த்தேன்.

எங்கள் ஆலயத்திற்கு அடுத்த தெருவில் கணவனை இழந்த தாய் ஒருவர் இருக்கிறார். அரசு தந்த சிறிய கிரைண்டர் வீட்டுத் தேவைக்குப் போதும், விற்பனைக்குப் போதாது. ஆகவே பழைய டில்டிங் கிரைண்டர் ஒன்றை வாங்கி, மாவாட்டி விற்று இரு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். விடியற்காலை நாலரை மணிக்கு நான் செபப் புத்தகத்தைத் திறக்கும் வேளையில் அவ்வியந்திரத்தின் ஓசையும் தொடங்கும். ஒருமுறை அவரே என்னிடம், “சத்தம் செபத்துக்குத் தொந்தரவா இருக்குதுங்களா, சாமி?” என்று கேட்டார். “இல்லையம்மா” என்றேன். அது முழு உண்மையன்று.

ஒருநாள் அந்த ஓசை நின்றது. உள்ளதைச் சொல்வதானால், அன்று என் மனம் நிம்மதியே அடைந்தது. மறுநாளும் ஓசை இல்லை. மின்தடையாக இருக்கும், உறவினர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று எண்ணிக்கொண்டேன். எட்டு நாள்கள் அமைதியாகச் செபித்தேன். ஒன்பதாம் நாள் கோயில் பிள்ளை சொல்லித்தான் செய்தி தெரிந்தது. மகளின் அறுவை சிகிச்சைக்காக அவர் வட்டிக்கு வாங்கியிருந்தார். இரண்டு மாதம் வட்டி தவறவே, ஆட்கள் வீட்டுக்குள் புகுந்து கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டனர். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நன்கறிந்த நம் ஊரில், வட்டிக்காற்று அதைவிடக் கொடியதாக இருக்கிறது.

கடன் கொடுத்தவர் யாரோ ஓர் அந்நியர் என்று எழுதிவிட எனக்கும் ஆசைதான். எங்கள் பங்குத் திருவிழாவின் நன்கொடையாளர் பட்டியலில் அவர் பெயரும் உண்டு. அதை ஒலிபெருக்கியில் நன்றியோடு வாசித்தவன் நானே.

அன்றிரவு இணைச்சட்ட நூலை எடுத்தேன். நம் பெற்றோர் காலத்தில் அதனை உபாகமம் என்போம். அதன் இருபத்து நான்காம் அதிகாரத்தில் மோசே ஒரு கட்டளை தருகிறார். மாவரைக்கும் கல்லை அடகாக வாங்கலாகாது. அதன் மேற்கல்லை மட்டுங்கூட வாங்கலாகாது. அது ஒருவருடைய உயிரையே அடகாக வாங்குவதற்கு ஒப்பாகும் என்பது அதன் கருத்து. மேற்கல் போனால் அடிக்கல்லால் பயனில்லை. குழவி போன உரலும் அப்படித்தான். அங்கேயே மற்றொரு கட்டளையும் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை எடுக்கக் கடன்பட்டவனின் வீட்டுக்குள் நுழையலாகாது. வெளியே நிற்க வேண்டும். கடன்பட்டவனே கொண்டுவந்து தரட்டும். ஏழையின் வாசற்படிக்கு மோசே அளித்த மரியாதை இது.

நம் நாட்டுச் சட்டமும் இதனை அறியாததன்று. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், அறுபதாம் பிரிவில், கடன்பட்டவரின் அவசிய உடைகள், சமையற் பாத்திரங்கள், படுக்கை, கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றை நீதிமன்றத்தின் ஆணையாலும் ஜப்தி செய்யலாகாது என்கிறது. கிரைண்டர் இப்பட்டியலில் அடங்குமா என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். சட்டத்தின் நோக்கம் நமக்குப் புரிகிறது. நீதிபதிக்கே வரம்பு இருக்கும்போது வட்டிக்காரரின் ஆட்களுக்கு வீட்டுக்குள் நுழைய யார் உரிமை தந்தார்? அளவுமீறிய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு முதலே தனிச் சட்டம் உண்டு. ஆனால் அதைச் சொல்லி வழக்காடும் துணிவு, நாளை மாவு விற்றால்தான் சோறு என்றிருப்பவருக்கு எங்கிருந்து வரும்? அவருக்குத் துணையாக நாலுபேர் உடன் செல்ல வேண்டும்.

எங்கள் வின்சென்ட் தே பவுல் சபையார் அவ்வாறே சென்றனர். நானும் சென்றேன். கடன் கொடுத்தவர் வாசலில் நாங்கள் நின்றோம், உள்ளே நுழையவில்லை. நெடுநேரம் பேசிய பின், அசலைத் தவணையில் பெற்றுக்கொள்ள அவர் இசைந்தார். முதல் தவணையைச் சபையார் கொடுத்தனர். கிரைண்டர் ஒரு சனிக்கிழமை மாலை வீடு திரும்பியது. அந்தத் தாய் நன்றி சொல்ல வந்தபோது, என்னால் அவரை நேரே பார்க்க இயலவில்லை. ஓசை நின்ற அன்றே நான் போய்க் கேட்டிருக்க வேண்டும்.

பாழாய்ப் போகும் நாட்டுக்கு அடையாளம் கூறும்போது இறைவாக்கினர் எரேமியா, மணமக்களின் குரலும் விளக்கின் ஒளியும் மறையும் என்பதோடு, மாவரைக்கும் ஓசையும் நின்றுபோகும் என்கிறார். குருத்துவப் பயிற்சிக் காலத்திலிருந்து பலமுறை படித்த பகுதிதான். அதன் பொருளை எனக்கு விளக்கியது அந்த எட்டு நாள் அமைதி.

அன்பு வாசகர்களே, உங்கள் தெருவிலும் தினமும் கேட்கும் ஓசைகள் இருக்கும்: ஒரு தையல் இயந்திரம், ஒரு தறி, ஒரு கிரைண்டர். அவற்றில் ஒன்று நின்றுவிட்டால் அன்றே போய்க் கதவைத் தட்டுங்கள். நீங்கள் கடன் கொடுத்திருப்பவர்களானால், அடகாக எதைக் கேட்கிறோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். எங்கள் தெருவில் நாலரை மணிக்கு மீண்டும் மாவு ஆட்டுகிறார்கள். நானும் அந்நேரமே செபப் புத்தகத்தைத் திறக்கிறேன்.