கடைசி பெஞ்சுக்கும் தெரிகிற எழுத்து

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இணையதளங்களில் இப்போது ஒரு மோஸ்தர்: வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து. பார்க்க நாகரிகமாம்! முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவனுக்கு இது பிடிபடவே இல்லை. இதற்கு ஒரு கணக்கே உண்டு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது. வெள்ளையில் கறுப்பு என்றால் அது 21-க்கு 1.

தமிழுக்குத் தனிச் சங்கடம் ஒன்று. ஆங்கிலத்துக்கு அளந்து வைத்த இடத்தில் தமிழை அப்படியே கொட்டிவிடுகிறார்கள். ‘விடு’வுக்கும் ‘வீடு’க்கும் உள்ள வித்தியாசம் ஒரு சின்னச் சுழி. எழுத்து சிறுத்தால் அது மறைகிறது, புள்ளியும் மறைகிறது. வரிகளை நெருக்கினால் மேல்வரி ‘கூ’வின் வால் கீழ்வரிப் புள்ளியில் இடிக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியை ஒன்றரை மடங்கு வைத்தால் போதும்.

இதெல்லாம் கண் தெரிந்தவர்கள் பாடு. என்னிடம் படித்த மாணவி ஒருத்திக்குப் பார்வை கிடையாது. முதுகலை முடித்தவள். போனில் உள்ள திரைவாசிப்பான் வாசிக்க, காதால் கேட்டே எல்லாம் படிப்பாள். போன மாதம் ஒரு வேலைவாய்ப்பு அறிவிப்பு வந்தது. தாளில் அச்சடித்து, முத்திரை குத்தி, அதை ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்கள். அது வெறும் படம். அவள் போன் வாயே திறக்கவில்லை. “சார், கடைசித் தேதி என்னன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டாள். எனக்குக் கோபம்தான் வந்தது. தேர்வெழுதத் தகுதி இருக்கிறது, அறிவிப்பைப் படிக்க மட்டும் இன்னொருவர் தயவு வேண்டுமா?

பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்புகளும் இதே கதிதான். நம் கண்ணுக்குத் தமிழ், திரைவாசிப்பானுக்கு அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டது 2010-இல். தகவல்கள் அணுகக்கூடிய வடிவில் இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொன்னது 2016-இல். அந்தத் தட்டச்சுக் கோப்பை யூனிகோடில் அடித்து அப்படியே ஏற்றியிருந்தால் ஸ்கேன் செய்யும் வேலையும் மிச்சம்.

அப்புறம் அந்த நடை! “உரிய காலக்கெடுவிற்குள் வாழ்நாள் சான்று சமர்ப்பிக்கப்படாத நேர்வில் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்படும்.” இந்த ரகத்தில் எழுதினால் எழுபத்தைந்து வயதுக்காரர் மூன்று தடவை படிக்க வேண்டும். “இந்தத் தேதிக்குள் சான்று தராவிட்டால் பென்ஷன் வராது” என்றால் ஒரே தடவையில் புரியும். தமிழ் வாத்தியார் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கேட்பீர்கள். தாராளமாகச் சொல்வேன்.

என் பழைய மாணவர்கள் சிலர் சென்னையிலும் கோவையிலும் இணையதளம் கட்டும் வேலையில் இருக்கிறீர்கள். அடுத்த தளத்தை வெளியிடும் முன், மத்தியான வெயிலில் வாசலில் நின்று உங்கள் அப்பாவிடம் போனைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு திரைவாசிப்பானைப் போட்டுவிட்டு, கண்ணை மூடி நீங்களே ஒரு பக்கம் கேட்டுப் பாருங்கள். எங்கே தடுக்கியது என்று கமெண்டில் எழுதுங்கள்.