முதலாளிக்குச் சங்கம், காவலாளிக்கு?

மில் வாசலில் காக்கி உடுப்புடன் நிற்பவரை "முதலாளியின் ஆள்" என்று நம்மில் பலர் ஒதுக்கிவிடுகிறோம். இது தவறு, தோழர்களே! அவர் பெயர் மில்லின் சம்பளப் பட்டியலில்கூட இல்லை. காவல் ஏஜென்சி என்ற இடைத்தரகரிடம் கூலி வாங்குகிறார். மில் கொடுக்கும் தொகையில் ஏஜென்சி எடுத்தது போக மீதிதான் அவருக்கு. வயலில் வேலை கிடைக்காமல் ஊரைவிட்டு வந்த விவசாயத் தொழிலாளிகள் இவர்களில் ஏராளம்.

ஏஜென்சி முதலாளிகள் தனித்தனியாகவா நிற்கிறார்கள்? இல்லை. 'காப்சி' என்ற அகில இந்தியச் சங்கம் வைத்திருக்கிறார்கள். பெருமுதலாளிகளின் 'ஃபிக்கி' ஸ்தாபனத்திலும் இத்தொழிலுக்கென்று தனிக் கமிட்டி உண்டு. சர்க்காரிடம் பேசப் போகும்போது அவர்களுக்குள் போட்டி இல்லை, ஐக்கியம்தான்!

2005-ம் வருட மத்திய சட்டப்படி, தொழிலாளர் சட்டங்களை மீறும் ஏஜென்சியின் லைசென்ஸை ரத்து செய்யலாம். ஆனால் புகார் சொன்னால் மறுநாள் வேலை இருக்குமா என்று அஞ்சும் தனி மனிதனுக்கு இதனால் என்ன பயன்?

மகாராஷ்டிரத்தில் 1981-ல் வந்த சட்டம் காவலாளிகளுக்கென போர்டு அமைக்க வழி செய்தது. சர்க்கார், முதலாளி, காவலாளி மூன்று தரப்புக்கும் அதில் இடமுண்டு. பதிவு பெற்றவர்களுக்குக் கூலி போர்டு மூலம் வருகிறது. ஏஜென்சிகள் விலக்குப் பெறும் ஓட்டை அதிலும் உண்டு. அந்த ஓட்டையை அடைத்து, அத்தகைய போர்டை நாடெங்கும் அமைக்க வேண்டுமென்று கோருகிறோம்.

கோரினால் மட்டும் போதாது. அடுத்த வாயிற்கூட்டத்தைக் காவலாளியின் டூட்டி முடியும் நேரத்தில் வைப்போம். அவரையும் அழைப்போம். வாசலுக்கு உள்ளே இருப்பவரும் வாசலில் நிற்பவரும் ஒரே வர்க்கம்!