மணி அடித்தால் யார் வருவார்?

எங்கள் கடலோர ஊரான வாலிநோக்கத்தில் தெருவுக்கு நாலு வீடாவது பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர் இல்லாமல் இல்லை. துபாயிலோ கோலாலம்பூரிலோ இருப்பார். திண்ணையில் கிரானைட், வாசலில் தேக்குக் கதவு என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில் பெருநாளை ஒட்டி ஒரு மாதம் விளக்கெரியும். மிச்ச நாளெல்லாம் கடல்காற்றும் பல்லியும்தான் குடித்தனம். சமீப காலமாக அந்த முகப்புகளில் புதிதாக ஒன்று ஏறியிருக்கிறது: சிவப்பு விளக்கு வைத்த சைரன் பெட்டி.

கனடாவில் வேலை பார்க்கும் மருமகன் முறைப் பையன் ஒருவன் போன வாரம் கூப்பிட்டான். “மாமா, ஊர் வீட்டுக்கு அலாரம் போடப் போறேன். ஆன் பண்றதுக்கு முன்னாடி யார்கிட்ட பர்மிட் வாங்கணும்?”

பக்கத்தில் இருந்த எலெக்ட்ரீஷியன் சிரித்துவிட்டார். “சொந்த வீட்டுக்கு மணி கட்ட எவன்ட்டண்ணே கேக்கணும்?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் கேட்டது நியாயமான கேள்வி. இங்கே அதைக் கொண்டுபோய்க் கேட்க வேண்டிய இடங்கள்தான் வேறு.

அவன் இருக்கும் டொரன்டோவில் அலாரம் அடித்தது என்ற ஒரே காரணத்துக்காகப் போலீஸ் வண்டி கிளம்பாது. 2018 செப்டம்பர் 10 முதல் அதுதான் நடைமுறை. கேமராவில் ஆள் தெரிய வேண்டும், அல்லது உள்ளே சத்தம் கேட்டிருக்க வேண்டும், அல்லது வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார் தட்டுப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் யாராவது கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி இதை 2000-லேயே கொண்டுவந்துவிட்டது. லாஸ் ஏஞ்சலீஸ், டல்லாஸ் போன்ற ஊர்களில் அலாரத்துக்கென்றே பர்மிட் உண்டு, கட்டணம் உண்டு, வீண் அலாரம் அடித்தால் அபராதமும் உண்டு. ஏன் இத்தனை கெடுபிடி? அமெரிக்க நீதி அமைச்சகம் போலீசாருக்காக வெளியிட்ட கையேடு ஒன்று, அவர்களுக்கு வரும் திருட்டு அலார அழைப்புகளில் 94 முதல் 98 சதவீதம் வீண் என்கிறது. நூறு தடவை ஓடினால் ஆறு தடவைகூட உருப்படியாக இருந்தால் அதிகம்.

பர்மிட் என்றதும் அரசாங்கம் காசு பிடுங்க ஒரு வழி என்றுதான் நமக்குத் தோன்றும். அதுவும் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பிரிட்டனில் 2005-ல் வந்த ஒரு சட்டத்தைப் பாருங்கள். உள்ளாட்சி மன்றம் ஒரு பகுதியை ‘அலாரம் தெரிவிக்க வேண்டிய பகுதி’ என்று அறிவித்துவிட்டால், அங்கே அலாரம் வைப்பவர் தன் வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த ஆள் அக்கம்பக்கத்தில் இருப்பவராக இருக்க வேண்டும். அலாரத்தை நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான். வெள்ளைக்காரன் சட்டம் போட்டு வாங்குகிற தகவல் நம் ஊரில் எல்லாருக்கும் தெரிந்தது. சாவி பெரியம்மா வீட்டில் ஆணியில் தொங்கும். ஆனால் ‘அலாரத்தை நிறுத்தத் தெரிந்தவர்’ என்ற இரண்டாவது பாதி இருக்கிறதே, அங்கேதான் நாம் கோட்டை விடுகிறோம். ரிமோட்டை மட்டும் துபாய்க்கு எடுத்துப் போய்விடுவார்கள்.

நம் நாட்டில் சாதாரண வீட்டுக்கு அலார பர்மிட் என்று ஒன்று கிடையாது. தமிழக அரசு 2012-ல் நகர்ப்புறப் பொதுக் கட்டடங்களில் கண்காணிப்புக் கேமரா வைக்கச் சொல்லி விதி கொண்டுவந்தது. அது ‘வைத்தே ஆக வேண்டும்’ என்ற விதி, ‘கேட்டுவிட்டு வை’ என்ற விதியல்ல. ஆகவே எலெக்ட்ரீஷியன் சொன்னது ஒரு வகையில் சரி. ஆனால் சட்டம் முன்வாசலில் வராவிட்டாலும் கொல்லைப்புறமாக வந்து நிற்கிறது.

மருமகன் அங்கேயே ஒரு செட் வாங்கி, ஊருக்கு வருகிறவர் பெட்டியில் போட்டு அனுப்ப நினைத்திருந்தான். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கதவில் ஒட்டும் சென்சார் நடுப்பெட்டியோடு பேசுவது ரேடியோ அலையில். இந்தியாவில் லைசென்ஸ் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம் என்று விட்டிருப்பது 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சின்னத் துண்டு, 865 முதல் 868 வரை இன்னொரு துண்டு, வைஃபை ஓடுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்ற சில. வட அமெரிக்கச் செட்டுகள் பல 345-லும் 900-க்கு மேலும் ஓடுபவை. 900-ஐ ஒட்டிய அலைவரிசை இங்கே செல்போன் நிறுவனங்கள் ஏலத்தில் எடுத்த சொத்து. ஐரோப்பியச் செட்டுகள் பல 868-ஐத் தாண்டி, நம் எல்லைக்கு மயிரிழை வெளியே நிற்கின்றன. போதாததற்கு அங்கே 120 வோல்ட், இங்கே 230. சேட்டிலைட் போன் ஒன்றை அனுமதியில்லாமல் வைத்திருந்தாலே விசாரணை வரும் கடற்கரை இது. ஒயர்லெஸ் சமாசாரத்தில் ‘தெரியாமல் செய்துவிட்டேன்’ என்பதெல்லாம் இங்கே எடுபடாது. இந்தியாவில் விற்பனைக்கு வந்த பெட்டியை, பில்லோடு வாங்குவதுதான் உத்தமம்.

அடுத்தது சிம். நிஜத்தில் குளறுபடி நடப்பது இதில்தான். நம் பக்கம் போடுகிற அலாரப் பெட்டிகளில் பல, ஒரு சிம்மைச் செருகிக்கொண்டு நாலைந்து எண்களுக்குப் போன் போடுபவை. வீட்டுக்காரர் வெளிநாட்டில், சிம் வாங்க ஆள் வேண்டும், கைரேகை வேண்டும். ‘நம்ம பேர்லயே ஒண்ணு எடுத்துப் போட்ருவோம்ணே’ என்று பொருத்த வந்தவரே தன் பெயரில் எடுத்துப் போட்டுவிடுவார். நல்ல மனசுதான். ஆனால் ஒருவர் பெயரில் பொதுவாக ஒன்பது சிம்முக்கு மேல் இருக்கக் கூடாது. நாலு தெருவுக்கு அலாரம் போட்டவர் கணக்கு என்ன ஆகும்? அடுத்த வருஷம் அவரும் சவூதிக்குப் போய்விட்டால் ரீசார்ஜ் யார் செய்வது? ரீசார்ஜ் நின்றால் சிம் சாகும். கொஞ்ச நாள் கழித்து அந்த எண் வேறொருவருக்குப் போகும். பெட்டியின் பச்சை விளக்கு மட்டும் பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். சிம்மை வீட்டுக்காரர் பெயரிலோ ஊரில் இருக்கும் தாயார் பெயரிலோ எடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை எண் ஓடுகிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இன்னொன்று: மலிவாகக் கிடைக்கிற பழைய பெட்டிகள் 2ஜியில் ஓடுபவை. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது. அதைச் செருகினால் பெட்டி ஊமை.

இனி சைரன். ஒலி மாசு விதிகள் 2000-ல் வந்தவை. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல்தான் அளவு. பத்து டெசிபல் அதிகமானால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுக்கலாம். சைரன் பெட்டிகள் நூறைத் தாண்டிக் கத்துபவை. திருடன் வந்து கத்தினால் யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. பல்லி ஓடியதற்கு விடிய விடியக் கத்தினால்? போன மழைக்காலத்தில் எங்கள் தெருவிலேயே அது நடந்தது. காற்றில் ஜன்னல் ஆடி, ராத்திரி ஒரு மணிக்குச் சைரன் கிளம்பிற்று. ரிமோட் கடல் தாண்டி இருந்தது. கடைசியில் ஒரு தம்பி ஏணி வைத்து ஏறி ஒயரை வெட்டினான்.

அந்த ராத்திரியில் நான் கவனித்தது வேறு. சத்தம் கேட்டதும் ‘திருடன்’ என்று யாரும் ஓடி வரவில்லை. வயசானவர்கள் எழுந்து வந்து முதலில் கடலைப் பார்த்தார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு, 2012 ஏப்ரல் 11 அன்று எச்சரிக்கை வந்து தமிழகக் கரையெல்லாம் பதறியதற்குப் பிறகு, கடலோர ஊரில் சைரனுக்கு ஏற்கெனவே ஓர் அர்த்தம் இருக்கிறது. சுனாமி எச்சரிக்கை ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் மையத்திலிருந்து மாவட்ட நிர்வாகம் வழியாக இறங்கி வருவது. அவரவர் இஷ்டத்துக்கு ஊத முடியாது. அந்தக் காதுகளுக்குப் பக்கத்தில் நாம் தனியாக ஒரு ஊதலை மாட்டுகிறோம். தெருவில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாட்டுவதுதானே முறை? வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வெளியே நிற்கும்போது ஜமாத்துக்காரர்களிடம் ‘இப்படி ஒண்ணு போட்டிருக்கு, ஐந்து நிமிஷத்தில் தானா நின்னுரும்’ என்று சொன்னால் போதும். ஐந்து நிமிஷத்தில் தானாக நிற்கும்படி அமைக்க முடியாத பெட்டி என்றால் வாங்கவே வேண்டாம்.

சத்தம் போடாத அலாரமும் உண்டு. 2021 ஜனவரி 22 அன்று ஓசூரில் ஒரு நகைக்கடன் நிறுவனத்தில் பட்டப்பகலில் துப்பாக்கி காட்டி 25 கிலோ தங்கத்தை அள்ளிக்கொண்டு போனார்கள். தங்கத்தோடு ஒரு ஜிபிஎஸ் கருவியும் போனது. மறுநாளே ஹைதராபாத் அருகே பிடித்துவிட்டார்கள். அந்தச் சின்னக் கருவி எந்த ஊரையும் எழுப்பவில்லை. அது அனுப்பிய தகவலைப் பார்க்க ஒருவர் உட்கார்ந்திருந்தார், அவர் சொன்னால் கிளம்பப் போலீஸ் இருந்தது. நம் வீட்டு அலாரத்தில் அந்தப் பக்கத்து ஆள் யார்? டொரன்டோவில் தூங்குகிற மருமகன் போனை எடுத்து என்ன செய்வான்? இந்தியாவின் அவசர எண்ணான 112-ஐ அங்கிருந்து சுற்ற முடியாது. சுற்றினால் ஒன்றும் நடக்காது, அல்லது வேறு நாட்டுப் போலீஸ் எடுக்கும்.

பக்கத்து மாநிலம் இதை அழகாகக் கையாண்டது. ஆந்திரப் போலீஸ், வெளியூர் போகிறவர் முன்கூட்டியே செயலியில் பதிந்தால், பூட்டிய வீட்டில் தாங்களே அசைவு உணரும் கேமரா வைத்துவிட்டுப் போவார்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் தகவல் நேராகக் கட்டுப்பாட்டு அறைக்கு. பதிவு முதலில், கருவி பிறகு. பர்மிட் என்று பெயர் வைக்கவில்லையே தவிர, விஷயம் அதேதான். தமிழ்நாட்டிலும் வெளியூர் போனால் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகும்படி போலீசார் விடுமுறை தோறும் கேட்டுக்கொள்கிறார்கள். சொன்னால் ரோந்துக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். வாலிநோக்கத்துக்கென்று தனிக் காவல் நிலையமே இருக்கிறது. ராமநாதபுரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

உப்பளக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 1974-ல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் பாத்திகள் மாரியூர், வாலிநோக்கம் பக்கம் விரிந்து கிடக்கின்றன. பாத்தியில் விளைகிற அதே உப்பு நம் கதவுச் சென்சாரின் முனையிலும் பூக்கிறது. கதவில் ஒரு பாதி, சட்டத்தில் ஒரு பாதி என்று காந்தம் வைத்து ஒட்டுகிற பொருள் அது. உள்ளே ஓடும் மெல்லிய கம்பியின் முனை பச்சை பிடித்துவிட்டால், சாத்திய கதவைத் திறந்த கதவு என்று சொல்ல ஆரம்பிக்கும். ஆகவே மாட்டிய அன்றே ஆன் செய்துவிட்டு விமானம் ஏறாதீர்கள். ஊரில் இருக்கும்போதே ஒன்றிரண்டு வாரம் சைரனைக் கழற்றி வைத்து, போன் மட்டும் வரும்படி ஓட்டிப் பாருங்கள். எந்த ஜன்னல் காற்றுக்கு அடிக்கிறது, எந்தச் சென்சார் பல்லிக்கு அடிக்கிறது என்று தெரிந்துவிடும். கரண்டை ஒருநாள் நிறுத்திப் பார்த்து, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று எழுதி வையுங்கள். கூப்பிட்டால் காவலாள் அனுப்புவோம் என்று ஏதாவது நிறுவனம் சொன்னால், 2005 தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி லைசென்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் அவர் வரமாட்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

மருமகனுக்கு நான் சொன்னதையே பெருநாளுக்கு வந்து திரும்பப் போகிற எல்லோருக்கும் சொல்கிறேன். ஒரு வெள்ளைத் தாளில் வீட்டு விலாசம், பூட்டியிருக்கும் தேதிகள், சாவி வைத்திருப்பவர் பெயர், அவர் போன் எண், அலாரத்தில் உள்ள சிம் எண் ஆகியவற்றை எழுதி ஸ்டேஷனில் கொடுங்கள். நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நகலையும் ரிமோட்டையும் பெரியம்மா வீட்டில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.